கையெழுத்தை மட்டும் வாங்குகிறவர்கள்

மர்லின் மன்றோ தன் உயிலில் ஒரு விருப்பம் எழுதினார். தன் உடைமைகளை நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க் தன்னுடைய நண்பர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்பது அது. 1962இல் மர்லின் இறந்தார். உடைமைகள் ஸ்ட்ராஸ்பெர்க்கிடமே இருந்தன. 1982இல் அவரும் இறந்தபின் எல்லாம் அவர் மனைவி அன்னாவின் கைக்குப் போயின. அன்னா மர்லினுக்கு நெருங்கியவர் அல்ல. 1999 அக்டோபரில் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் நிறுவனம் அவற்றை ஏலம் விட்டது. வசூல் 1.3 கோடி டாலருக்கும் மேல்.

சட்டப்படி அது விருப்பம்தான், கட்டளை அல்ல என்பார்கள். இருக்கட்டும். அவள் கையெழுத்துக்கு உயிரையே விடுகிற சந்தையில், அவள் கையெழுத்திட்டுக் கேட்டதற்கு மட்டும் மதிப்பில்லை.

கையெழுத்தோடு நிற்கிறதா இந்தப் பசி? 1954இல் மருத்துவமனையில் எடுத்த அவளுடைய நெஞ்சு எக்ஸ்ரே படங்கள் 2010இல் 45,000 டாலருக்கு ஏலம் போயின. ரசிகரின் அன்பாம்! உயிரோடிருக்கும் ஒருத்தியின் மருத்துவக் கோப்பை இப்படி விற்றால் அதற்கு என்ன பெயர் வைப்போம்?

“நாங்கள் வாங்காவிட்டால் இந்தக் காகிதங்கள் குப்பைக்குப் போயிருக்கும்” என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. ஆனால் எதைக் காப்பாற்றுகிறார்கள்? ஸ்டூடியோ ஒப்பந்தத்தில் கடைசி வரிக்குக் கீழே இருக்கும் மையை. நமக்கு வேண்டியதோ அதற்கு மேலே இருக்கும் ஷரத்துகள். எத்தனை ஆண்டுகள், வாரத்துக்கு எவ்வளவு, வேடத்தை மறுத்தால் என்ன தண்டனை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. மறுத்த நடிகையை வேலையிலிருந்து நிறுத்தி, அந்த நாட்களை ஒப்பந்தக் காலத்தோடு சேர்த்து நீட்டுவது ஸ்டூடியோக்களின் வழக்கமாக இருந்தது. ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் பிரதர்ஸ் மீது வழக்குப் போட்டார். ஏழு ஆண்டு என்றால் காலண்டரில் ஏழு ஆண்டுதான் என்ற தீர்ப்பை 1944இல் வாங்கினார். 1953இல் வெளியான படத்தில் ஜேன் ரஸ்ஸலுக்கு இரண்டு லட்சம் டாலர், தனக்கு வாரம் 500 என்று மர்லினே 1962இல் பேட்டியில் சொன்னார். இதையெல்லாம் சட்டமிட்டு மாட்டிய காகிதத்தில் யார் படிக்கிறார்கள்?

(ஜீன் ஹார்லோவின் ரசிகர் படங்களில் பெரும்பாலும் கையெழுத்திட்டது அவர் அம்மா. மகளே போட்டது என்றால் விலை பல மடங்கு. உழைத்த அம்மாவின் கைக்குச் சந்தையில் பெயர் “போலி”.)

பெவர்லி ஹில்ஸில் மார்கரெட் ஹெரிக் நூலகம் இருக்கிறது. சினிமாக் காகிதங்களை அங்கே யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஒப்பந்தங்களை விற்பவர்கள் முதலில் ஒரு முழு நகலை அங்கே கொடுக்கட்டும். கையெழுத்தை வேண்டுமானால் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். எக்ஸ்ரேக்கு நகலும் வேண்டாம்.