வேலியே பயிரை மேயும்போது



பாலக்கோட்டுத் தக்காளி மண்டியை அதிகாலை வேளையில் பார்த்தவர்களுக்கு, அங்கே கூடைகளையும் பெட்டிகளையும் சுமப்பவர்களின் உடல் வலிமை தெரியும். அப்படி உழைக்கும் ஒருவரின் வீட்டில் 26 வயதுள்ள ஒரு சகோதரி இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். இரண்டாவது பிள்ளையைச் சுமக்கிறார். ஐந்தாம் மாதம் முதல் தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. இரவில் படுத்தால் இருமல் வருகிறது. இரண்டு தலையணைகளை உயர்த்தி வைத்துச் சாய்ந்தால்தான் உறக்கம் பிடிக்கிறது. "பிள்ளைத்தாய்ச்சி உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மாமியார். "இரத்தம் குறைவு, பேரீச்சம்பழம் சாப்பிடு" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெண். இருவரும் நல்லெண்ணத்துடன்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு 9 வயதில் வந்து போன தொண்டை வலியை ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

தொண்டை வலிக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். இம்மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

சிறுவர்களின் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸ்களால் உண்டாவது. தானே வந்து தானே போய்விடும். ஒரு பகுதி மட்டும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வருகிறது. மணிமாலை போல வரிசையாக ஒட்டிக் கொண்டிருக்கும் கிருமி அது. ஓர் அறையில் ஐந்தாறு பேர் நெருங்கிப் படுக்கும் வீடுகளில் எளிதாகப் பரவும். காய்ச்சல் இருக்கும், தாடைக்குக் கீழே நெறி கட்டும், சளியும் இருமலும் பெரும்பாலும் இரா. மக்தபுக்குச் சென்ற பிள்ளை எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் திரும்பி வருகிறது. உப்பு நீரில் கொப்பளிக்கச் சொல்கிறோம். நான்கைந்து நாளில் காய்ச்சல் விடுகிறது. நாமும் மறந்து விடுகிறோம்.

உடலுக்குள்ளோ கதை அப்போதுதான் தொடங்குகிறது. நம் உடலைக் காப்பதற்காக இறைவன் அமைத்திருக்கும் படை, இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள். அவற்றுள் 'பி' அணுக்கள் கிருமியைப் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. 'டி' அணுக்கள் பகைவனின் அடையாளத்தை நினைவில் வைத்துத் தேடிச் செல்கின்றன. மேக்ரோஃபேஜ் என்னும் பெரிய அணுக்கள் அகப்பட்டதை விழுங்கிச் செரிக்கின்றன. இவை கூடிப் போரிடும் இடம் சிவந்து, சூடாகி, வீங்கும். அதையே அழற்சி என்கிறோம். அழற்சி இல்லாவிட்டால் ஒரு முள் குத்தினால்கூட நாம் பிழைப்பது கடினம்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸின் மேற்பரப்பில் 'எம்' என்னும் ஒரு புரதம் உண்டு. அதன் சில பகுதிகள் நம் இதயத் தசையிலுள்ள மயோசின் புரதத்தின் சாயலில் இருக்கின்றன. எல்லாருக்கும் அல்ல, சில பிள்ளைகளுக்கு மட்டும், காவற்படை இந்தச் சாயலில் ஏமாந்து விடுகிறது. தொண்டையில் கிருமியை அடையாளம் கண்டு கொண்ட அதே அணுக்கள், இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின்னர் இதயத்தையும் மூட்டுகளையும் பகையெனக் கருதித் தாக்குகின்றன. இதுவே ருமாட்டிக் காய்ச்சல். இன்று முழங்கால் வீங்கும். இரண்டு நாள் கழித்து அது வற்றி மணிக்கட்டு வீங்கும். சில பெண் பிள்ளைகளுக்குக் கைகால்கள் தம்மையறியாமல் துடிக்கும். (இதைப் பேய்க் கோளாறு என்று எண்ணித் தாயத்துக் கட்டிக் காலத்தைப் போக்கும் வீடுகள் உண்டு.) மூட்டு வீக்கம் தழும்பின்றி மறைந்து விடும். இதயம் அப்படி விடுபடுவதில்லை. இந்நோயில் இறந்தவர்களின் இதயத் தசையில் சிறுசிறு முடிச்சுகள் இருப்பதை 1904ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் அஷாஃப் விவரித்தார். அந்த முடிச்சுகள் வெள்ளணுக்களின் கூட்டங்களே என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

மிகுந்த சேதம் அடைவது வால்வுகள். அவற்றுள்ளும் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இடப்பக்கம் இருக்கும் மிட்ரல் வால்வு. மெல்லிய இரு இதழ்களைக் கொண்ட கதவு அது. திறக்கும் வாய் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் அகலமுள்ளது. அழற்சி ஆறும்போது இதழ்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தடிக்கின்றன. ஒவ்வொரு புதிய தொண்டை வலியும் காவற்படையை மீண்டும் உசுப்பி விடுவதால், தழும்பின் மேல் தழும்பு ஏறுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல வாய் 1.5 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கி, மீனின் வாய் போல் ஆகிவிடுகிறது. இரத்தம் முன்னே செல்ல வழியின்றி நுரையீரலில் தேங்குகிறது. கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுகிறது. அதுவரை எப்படியோ சமாளித்து வந்த குறுகிய வாயில் அந்த வெள்ளத்துக்கு ஈடு கொடுக்க முடிவதில்லை. மேலே சொன்ன சகோதரிக்கு ஐந்தாம் மாதத்தில் மூச்சு முட்டுவதன் காரணம் இதுதான்.

படை தவறு செய்கிறது என்றால் அதை அடக்கி விடலாமே? மருத்துவ உலகமும் அப்படித்தான் நினைத்தது. 1950களில் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து, அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிசோன் போன்ற மருந்துகளை ஆஸ்பிரினுடன் ஒப்பிட்டுப் பார்த்தன. வால்வுச் சேதத்தைத் தடுப்பதில் இவற்றுள் எதுவும் மற்றதை மிஞ்சவில்லை. வால்வு நோயில்லாத மற்ற இதயச் செயலிழப்பிலும் இதே அனுபவம் கிடைத்தது. மாரடைப்பு போன்றவற்றால் இதயம் தளர்ந்தவர்களின் இரத்தத்தில், வெள்ளணுக்கள் சுரக்கும் டி.என்.எஃப். என்னும் அழற்சிப் பொருள் மிகுந்திருப்பது 1990இல் கண்டறியப்பட்டது. அதை முடக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பயன் தெரியாததால் ஒரு மருந்தின் சோதனைகள் 2001இல் நிறுத்தப்பட்டன. 2003இல் வெளியான மற்றொரு சோதனையில் அதிக அளவு மருந்து பெற்றவர்களின் நிலை மோசமாயிற்று. அழிந்த தசையை அகற்றுவதும் புண்ணை ஆற்றுவதும் இதே அணுக்களின் வேலைதான் என்பதால், படையை ஒட்டுமொத்தமாக முடக்குவது எளிதான காரியமன்று. ஆய்வுகள் இன்றும் தொடர்கின்றன.

எனவே நம் கைக்கு எட்டுவது, போர் மூளும் முன்பே கிருமியை ஒழிப்பதுதான். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள வாரன் படைமுகாமில், தொண்டை வலி கண்ட வீரர்களுக்குப் பென்சிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சல் வராமல் தடுக்கலாம் என்பது 1950இல் மெய்ப்பிக்கப்பட்டது. தொண்டை வலி தொடங்கி 9 நாட்களுக்குள் மருந்தைத் தொடங்கினாலும் பலன் உண்டு. மாத்திரை என்றால் 10 நாட்கள் முழுமையாகக் கொடுக்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் நிறுத்துவது பெரும் தவறு. ஒரு முறை ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்ட பிள்ளைக்கோ, 21 நாட்களுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி. இதயம் தாக்கப்படாதவர்களுக்கு 5 ஆண்டுகள் அல்லது 21 வயது வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை. வால்வில் கோளாறு தங்கிவிட்டவர்களுக்குப் பெரும்பாலும் 40 வயது வரை. வால்வு நோய் மிகவும் முற்றியவர்களுக்கு ஊசியா, மாத்திரையா என்பதை இதய மருத்துவர் தீர்மானிப்பார்.

இந்நோய் நம் பகுதியில் குறைந்து வருவது உண்மை. 2001–2002இல் வேலூர் மாவட்டத்தில் 2,29,829 பள்ளிச் சிறாரைச் சோதித்தபோது 1,000 பேருக்கு 0.68 பேரிடமே இது காணப்பட்டது. இருந்தும் உலகில் 5 கோடிக்கும் மேற்பட்டோர் இத்துடன் வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சுருங்கிய வால்வை அறுவையின்றி விரிக்கும் பலூன் முறையை ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1984இல் வெளியிட்டார். பாலக்கோட்டிலிருந்து இரயிலேறிப் போகக்கூடிய பெங்களூரின் ஜெயதேவா மருத்துவமனை இம்முறைக்குப் பெயர் பெற்றது. வால்வை மாற்ற நேர்ந்தால், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்திய இந்திய வால்வு இருக்கிறது. ஆனால் உலோக வால்வு பொருத்தியவர் வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறையாமைக்கான மருந்தைச் சாப்பிட வேண்டும். பெண்ணுக்குக் கருவுறுதலே ஆபத்தாகலாம். 21 நாள் ஊசியின் வலி இதற்கு முன் எம்மாத்திரம்!

அந்த ஊசி நம் வீடுகளில் ஏன் நின்று போகிறது? பிள்ளை நன்றாக ஓடியாடுகிறதே என்பது ஒரு காரணம். ரமளான் மற்றொன்று: 21 நாள் இடைவெளியில் ஓர் ஊசியாவது அந்த மாதத்துக்குள் வந்தே தீரும். தசையில் போடும் மருந்தூசியால் நோன்பு முறியாது என்பது உலமாக்களில் மிகப் பலரின் கருத்து. மனம் ஒப்பாதவர்கள் நோன்பு திறந்த பின் போட்டுக் கொள்ளலாம். நாளைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மூன்றாவது காரணம் திருமணம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அத்தா ஊசி அட்டையைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து விடுகிறார். நிக்காஹ் முடிந்து புகுந்த வீடு சென்ற பெண், ஊசி போட வேண்டும் என்று சொல்ல அஞ்சி மௌனமாகிறாள். அங்கே ஒரு தொண்டை வலி வருகிறது. இரண்டு ஆண்டுகளில் முதல் கர்ப்பம். பெற்றோரின் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. சம்பந்தம் முறிந்து விடுமோ என்ற கவலை சிறியதன்று. ஆனாலும் மறைத்து வைத்த அட்டை அந்தப் பெண்ணுக்குத்தான் எதிராகத் திரும்புகிறது.

ஆகவே பெண்ணைப் பெற்றவர்களே, பேச்சு முடியும் முன்பே ஓர் எக்கோ பரிசோதனை செய்து, வால்வின் நிலையைத் தெரிந்து கொள்ளுங்கள். வால்வில் சிறு கோளாறு மட்டும் உள்ள பெரும்பாலான பெண்கள், மருத்துவரின் கண்காணிப்பில் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள் என்பதையும் சேர்த்தே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்திலும் பென்சிலின் ஊசியை நிறுத்த வேண்டியதில்லை. சீர் சாமான்களோடு அந்த ஊசி அட்டையும் போகட்டும். அடுத்த ஊசியின் தேதியை மாப்பிள்ளையிடமே சொல்லி அனுப்புங்கள்.