வாத்தியார் வீட்டுக் கூடத்தில் சாக்ஸபோன்

பறையைப் பத்துப் பேர் வட்டமாக நின்று கற்கலாம். சாக்ஸபோனை அப்படிக் கற்க முடியாது. கீழுதடு பல்லின்மேல் எவ்வளவு மடிகிறது, உதட்டோரம் காற்று கசிகிறதா, நாக்கு ரீடை எந்த இடத்தில் தொடுகிறது என்பதையெல்லாம் ஒருவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துத்தான் திருத்த வேண்டும். யூடியூப் காணொலி நம் உதட்டைப் பார்க்காது. அதனால் தனி வகுப்பு. தனி வகுப்பு என்றால் யாரோ ஒருவருடைய வீடு.

சாதி வசதியாக உட்கார்ந்துகொள்ளும் இடம் அதுதான். நான் முதலில் தொலைபேசியில் அழைத்த ஆசிரியர், சுரம் தெரியுமா என்று கேட்கவில்லை, "ஊரில் எந்தத் தெரு?" என்றார். சொன்னேன். "இப்போது இடமில்லை, பிறகு அழைக்கிறேன்" என்றார். இரண்டு வருடமாகிறது. அடுத்தவர் சேர்த்துக்கொண்டார். மற்ற மாணவர்களின் கருவியில் தம்முடைய மவுத்பீஸை மாட்டி ஊதிப்பார்த்துச் சரிசெய்வார். என் முறை வந்தால் "நீயே பாத்துக்கப்பா". எச்சில் பட்ட குழலில் தீட்டு எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது பாருங்கள்! இதை யாரிடம் புகார் செய்வது? வசைச்சொல்லே வந்திருந்தாலும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி இழிவுபடுத்தல் பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியார் இல்லாதபோது நடந்தால் அந்தக் குற்றம் பொருந்தாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்தக் குழல் ஒன்றும் சபாவில் பிறந்ததல்ல. பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிசில் காப்புரிமை பெற்றார். அதை முதலில் தூக்கிக்கொண்டவை ராணுவ பேண்டுகள். நாகசுரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனை பேண்டில் இதைக் கேட்டு மயங்கி, பல ஆண்டுகள் உழைத்துக் கமகத்துக்கு வசப்படுத்தினார். 1994இல் வந்த 'டூயட்' படம் அவருடைய வாசிப்பை வீடுவீடாகக் கொண்டுபோனது. அவர் வாசித்தபோது அது கச்சேரி. அதே குழலைக் கல்யாண ஊர்வலத்திலும் தேர்ப்பவனியிலும் சாவு வீட்டிலும் ஊதுகிறவர்களுக்கு "பேண்டு செட்டுக்காரன்" என்பதுதான் பெயர். அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள்.

இப்போது எனக்குச் சொல்லித்தருபவர் அப்படி நாற்பது ஆண்டுகள் ஊதியவர். ஆல்டோவில் ஸி என்று எழுதியிருப்பதை ஊதினால் ஈ பிளாட்தான் கேட்கும். அந்தக் கணக்கை நான் விரல்விட்டு எண்ணுவதற்குள், பாடுகிறவருடைய சுருதிக்கு மாற்றி அவர் வாசித்து முடித்திருப்பார். சபா ஆசிரியர் கேட்டதில் பாதிதான் கட்டணம் கேட்டார். முழுத்தொகையை வாங்கவைக்க மூன்று வாரம் சண்டை போட வேண்டியிருந்தது. தன் வித்தைக்குத் தானே பாதி விலை வைக்கப் பழக்கியது யார்?

நம் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். "பறை இருக்கும்போது உனக்கேன் வெள்ளைக்காரன் குழல்?" என்று அன்பாகத்தான் கேட்கிறார்கள். பறை நமது போர்க்குரல், மறுப்பில்லை. ஆனால் நம் பிள்ளை எதைத் தொடலாம் என்று ஊர் வகுத்த பட்டியலை நாமும் ஏன் வேறு காரணம் சொல்லிக் காப்பாற்ற வேண்டும்? அண்ணல் அம்பேத்கர் தம் பிற்காலத்தில் ஆசிரியர் வைத்து வயலின் கற்றார். அது யாருடைய கருவி என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் கற்பிக்கிறார்கள். சாக்ஸபோனையும் சேர்க்க வேண்டும். பட்டயச் சான்றிதழ் கேட்காமல், வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பேண்டு செட்டுக் கலைஞர்களை ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும். கருவியைப் பள்ளியே தர வேண்டும். மட்டமான ஆல்டோவே கூலி வேலை செய்யும் குடும்பத்தின் சில மாத வருமானத்தை விழுங்கிவிடும். கலை பண்பாட்டுத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் இதை எழுப்ப, சட்டமன்றத்தில் நம் ஆட்கள் இருக்கிறார்கள்.