சரக்கு வண்டிக்குப் புது ரேடியேட்டர்: விலையை மட்டும் பார்த்து வாங்கலாமா?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் நமது வணிகர்களின் சரக்கு வண்டிகள் நெடுஞ்சாலை ஓரங்களில் ஆவி பறக்க நிற்கும் காட்சியும் தொடங்கிவிடுகிறது. வண்டிக்குள் தக்காளிக் கூடை இருக்கும், பால் பாக்கெட் இருக்கும், மதியத்திற்குள் போய்ச் சேரவேண்டிய மளிகைச் சாமான் இருக்கும். டிரைவர் பக்கத்து வயலில் குடத்துடன் தண்ணீர் தேடிக்கொண்டிருப்பார். மெக்கானிக் வந்து பார்த்து, "ரேடியேட்டர் போச்சு அண்ணாச்சி, புதுசுதான் போடணும்" என்பார். நாம் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" இரண்டாவது கேள்வி, "அதைவிடக் குறைச்சலா ஒண்ணும் இல்லையா?"

துவரம் பருப்பு வாங்கும்போது நாம் இப்படி வாங்குவதில்லை. மூட்டைக்குள் கைவிட்டு அள்ளிப் பார்க்கிறோம், ஒன்றிரண்டைக் கடித்துப் பார்க்கிறோம், ஈரப்பதம் பார்க்கிறோம். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் ரேடியேட்டரை மட்டும் மெக்கானிக்கின் பையன் கொண்டுவந்து மாட்டிய பிறகுதான் பார்க்கிறோம், சிலர் அப்போதும் பார்ப்பதில்லை. சரக்கு வண்டி என்பது நமது கடையின் நகரும் பகுதி. அதற்கு வாங்கும் பொருளையும் வணிகக் கண்ணோடுதான் வாங்கவேண்டும் என்பது நமது கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வண்டி சூடேறினால் குற்றவாளி ரேடியேட்டர்தான் என்று உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. மார்க்கெட் வாசலில் நின்று நின்று ஊரும்போது முள் ஏறி, நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் இறங்குகிறது என்றால், பெரும்பாலும் ஃபேனிலோ பெல்ட்டிலோதான் கோளாறு. ஊருக்குள் ஒழுங்காக ஓடிவிட்டு, லோடுடன் மேடு ஏறும்போதும் வேகமாகப் போகும்போதும் ஏறுகிறது என்றால், ரேடியேட்டரின் குழாய்கள் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து பார்த்து, குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்கு எத்தனை ரேடியேட்டர் மாற்றினாலும் பயன் இல்லை.

எல்லாவற்றிலும் மலிவான உறுப்பைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அது ரேடியேட்டரின் மூடி. வெறும் மூடிதானே என்று நினைக்கிறோம். நமது வீட்டுக் குக்கரில் வெயிட் செய்யும் வேலையை அது செய்கிறது. தண்ணீர் சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 என்று முத்திரை உள்ள மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால், கொதிநிலை ஏறத்தாழ 118 டிகிரிக்குப் போய்விடும். ரப்பர் தேய்ந்த மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காது. மலைக்குச் சரக்கு அனுப்பும் மேட்டுப்பாளையம் வணிகர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேட்டில் லோடு இழுக்கும் இன்ஜினுக்கு மூடியும் கெட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். வண்டியின் கையேட்டில் எந்த அளவு போட்டிருக்கிறதோ அதே அளவு மூடியைத்தான் போடவேண்டும். கூடுதல் அழுத்த மூடி போட்டால் இன்னும் நல்லது என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்டால் ஹோஸ்தான் வெடிக்கும்.

சரி, ரேடியேட்டரேதான் போய்விட்டது என்று உறுதியாகிவிட்டது. செம்பா, அலுமினியமா? நம்மில் மூத்தவர்கள் செம்பின் பக்கம். காரணம் இல்லாமல் இல்லை. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிடச் செம்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். ஓட்டை விழுந்தால் நமது ஊர்ப் பட்டறையிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடலாம், கழிவாகப் போட்டாலும் காசு வரும். ஆனால் இன்றைய வண்டிகளில் வருவது அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும்தான். அலுமினியம் உறுதியானது என்பதால் அகலமான குழாய்களை வைக்கமுடிகிறது, எடையும் குறைவு. ஆகவே உலோகத்தின் பெயரை மட்டும் வைத்து உயர்வு தாழ்வு சொல்லமுடியாது. 1986இல் வந்த டாடா 407 வகையைச் சேர்ந்த பழைய வண்டி, செம்புக் கோருடன், டேங்க் நல்ல நிலையில் இருக்கிறது என்றால், புதுக் கோர் மட்டும் கட்டிக்கொள்வது சிக்கனம். பிளாஸ்டிக் டேங்க் விரிசல் விட்ட புதிய வண்டிக்குப் பசை பூசிச் சமாளிப்பது ஊர் வந்து சேரும்வரைதான் தாங்கும், அதற்கு முழு ரேடியேட்டரையும் மாற்றிவிடவேண்டும்.

கடைக்காரர் எடுத்துப் போடும் பொருளை எப்படிச் சோதிப்பது? பழைய ரேடியேட்டரையும் கையோடு கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம், உயரம், கோரின் கனம், ஹோஸ் மாட்டும் வாய்களின் இடம், போல்ட் துளைகள் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஏ.சி. வைத்த வண்டிக்கும் வைக்காத வண்டிக்கும் ரேடியேட்டர் வேறுபடலாம். பிறகு ஒரு அங்குல நீளத்தில் எத்தனை தகடு இருக்கிறது என்று எண்ணுங்கள். போலிச் சரக்கில் தகடுகள் இடைவெளி விட்டு நிற்கும், குழாய்களும் குறையும். வெளியே பளபளப்பான வண்ணமும் ஒட்டுவில்லையும் அப்படியே இருக்கும். இன்னொரு வழி நமக்கே கைவந்த கலை. தராசில் வையுங்கள். ஒரே வண்டிக்கான, ஒரே உலோகத்தால் ஆன இரண்டு ரேடியேட்டர்களில் ஒன்று மட்டும் கணிசமாக எடை குறைந்தால், எங்கோ உலோகத்தைக் குறைத்திருக்கிறார்கள் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியாக, வாய்களை அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

"ரேஸ் காருக்குப் போடும் கனமான கோர் இருக்கிறது, கொஞ்சம் கூடுதல், ஆனால் ஜில்லென்று இருக்கும்" என்று சிலர் ஆசை காட்டுகிறார்கள். வேகமாக ஓடும் காரில் காற்று தானாகவே மோதித் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். மார்க்கெட் தெருவில் ஊரும் நமது வண்டியில் அந்தக் கனமான கோருக்குள் காற்றை இழுக்க அதன் சின்ன ஃபேனுக்குச் சக்தி வேண்டுமே. கம்பெனி கொடுத்த அளவே போதும். அந்தப் பணத்திற்குப் புது ஹோஸ்களும் கிளிப்புகளும் புது மூடியும் வாங்கிப் போடலாம்.

புதியதை மாட்டுவதற்கு முன் இன்ஜினுக்குள் இருக்கும் துருத்தண்ணீரை முழுவதும் கழுவி வெளியேற்றச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் மாட்டினால் பழைய துரு அத்தனையும் புதுக் குழாய்களில் போய் உட்காரும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கத்தையும் நாம் விடவேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்று மெக்கானிக் சொல்வார். இன்ஜின் தேவையான சூட்டில் ஓடுவதற்காக வைத்த உறுப்பு அது. அதை எடுத்துவிட்டால் இன்ஜின் சூடேற நேரமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். பழுதென்றால் புதியது போடவேண்டியதுதான்.

இனி தண்ணீர் விஷயம். ரேடியேட்டர்களைச் சாகடிப்பதில் முதலிடம் நமது போர்வெல் தண்ணீருக்குத்தான். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பு, அதே போல் ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிகிறது. அந்தப் படிவம் வெப்பத்தை எளிதில் விடாது. உப்புத்தண்ணீர் அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கவும் செய்யும். கலந்தே வரும் கூலன்ட் ஐந்து லிட்டர் கேன் ஒரு மூட்டை பொன்னி அரிசியின் விலையை எட்டாது. கலக்கவேண்டிய வகை என்றால் கேனில் போட்டிருக்கும் அளவுப்படி டிஸ்டில்டு வாட்டருடன் கலக்கவேண்டும். தண்ணீர் கலக்காமல் முழுக்கக் கூலன்ட்டாக ஊற்றினால் நல்லது என்பதும் தவறு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு ஈடு இல்லை, கொதிநிலையை உயர்த்துவதும் துரு தடுப்பதும்தான் கூலன்ட்டின் வேலை. பச்சை, சிவப்பு என்ற நிறத்தை நம்பி ஒன்றோடொன்று கலக்காதீர்கள், நிறத்திற்குப் பொதுவிதி கிடையாது. கையேடு சொல்லும் காலத்தில் மாற்றிவிடுங்கள்.

வழியில் ஒழுகினால் மஞ்சள்தூளைக் கொட்டி அடைக்கும் வித்தை ஒன்று லாரிக்காரர்களிடம் உண்டு. மஞ்சள்தூள் விற்பவர்கள் நாம்தான். இருந்தாலும் சொல்கிறோம், அது சாம்பாருக்கு உரியது. ஓட்டையை அடைக்கும் தூள் நல்ல குழாயையும் அடைக்கும்.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது டிரைவர்களைப் பற்றி. இன்ஜின் சூடேறி ஹெட் வளைந்துவிட்டால், அந்தச் செலவில் ஒரு பகுதியை டிரைவர் சம்பளத்தில் பிடிக்கும் பழக்கம் நம்மவர்கள் சிலரிடம் இருக்கிறது. இது நியாயமல்ல என்பதை வெளிப்படையாகவே எழுதுகிறோம். டெம்பரேச்சர் முள் வேலை செய்யவில்லை என்று அந்தத் தம்பி சொன்னபோது, "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றது யார்? கூலன்ட்டுக்குக் காசு கேட்டபோது குழாயடியைக் காட்டியது யார்? முள் ஏறியும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டியது தவறுதான். ஆனால் லோடு தாமதமானால் முதலாளியிடம் வாங்கப்போகும் பேச்சை நினைத்துத்தான் ஓட்டுகிறார். "முள் ஏறினா ஓரங்கட்டிடு தம்பி, பார்ட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று ஒருமுறை சொல்லிவைத்தால் ஹெட் பிழைக்கும். நிறுத்திய பின் அரைமணி நேரமாவது ஆறவிடவேண்டும். சூட்டோடு மூடியைத் திறந்து முகத்தில் கொதிநீர் வாங்கிக்கொண்ட டிரைவர்கள் உண்டு. காய்ந்த இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

வாங்கும்போது பில் கேளுங்கள். வாகன உதிரிபாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 22-9-2025 முதல் 18 சதவீதமாகியிருக்கிறது. சொந்தக் காருக்கு வாங்கும் பாகத்திற்கு வரி வரவு எடுக்கமுடியாது. சரக்கு ஏற்றும் வண்டிக்கு வாங்கினால் எடுக்கலாம். காம்பொசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது இல்லை. பில் இல்லாமல் "குறைச்சலாக" வாங்குபவர் அந்த வரவையும் இழக்கிறார், வாரண்டியையும் இழக்கிறார்.

ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் கோடைக்கு முன் உறுப்பினர்களின் வண்டிகளுக்குத் தேவையான கூலன்ட்டை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டால் விலையும் குறையும், போலியும் தவிரும். நல்ல ரேடியேட்டர் பட்டறை ஒன்றோடு விலை பேசி வைத்துக்கொள்ளலாம். மாசிக் கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அப்படி வாங்கும் கூலன்ட்டை எக்காரணம் கொண்டும் குளிர்பான பாட்டிலிலோ எண்ணெய் டின்னிலோ ஊற்றிக் கடையில் வைக்காதீர்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். சிந்தினால் நாய் நக்கும், பாட்டிலில் இருந்தால் குழந்தை குடிக்கும். வந்த கேனிலேயே, பூட்டிய இடத்தில், மளிகைச் சாமானுக்கு எட்டத்தில் வைக்கவேண்டும். வடித்த பழைய கூலன்ட்டையும் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் மூடிய கேனில் பட்டறையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.