நீடித்த உத்தரவாதம்: கல்முனைக் கரையில் எதற்குக் காசு கட்டுகிறோம்?

பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் நெருங்கினால் கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை மின்சாதனக் கடைகளில் கூட்டம் கூடும். குளிர்சாதனப் பெட்டிக்கோ தொலைக்காட்சிக்கோ தவணைப் பத்திரத்தில் கையெழுத்திடும் நேரத்தில் விற்பனையாளர் கேட்பார்: “இன்னும் கொஞ்சம் கட்டினால் மேலதிகமாக இரண்டு வருட வொறன்டி இருக்கு, போடவா?”

யோசிக்க அவகாசம் இல்லாத அந்தக் கேள்விக்குப் பலர் பயத்தில்தான் தலையாட்டுகிறார்கள். யுத்தம், 2004 சுனாமி, 2022 நெருக்கடி ஆகிய மூன்றிலும் பொருட்களை இழந்த பிரதேசம் இது. ஐஸ் பக்கற்றும் யோகட்டும் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் தாய்க்குக் குளிர்சாதனப் பெட்டிதான் தொழில் முதல். அது நின்றால் அன்றாட வருமானமும் நின்றுவிடும். ஆகவே இந்தப் பயம் நியாயமானது. கட்டும் காசு அந்தப் பயத்துக்குப் பதிலாகுமா என்பதே கேள்வி.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். மேலதிக உத்தரவாதத்துக்கு 12,000 ரூபா, பெரிய பழுதொன்றைத் திருத்த 36,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டு வருடங்களுக்குள் மூன்று பெட்டிகளில் ஒன்றாவது பழுதானால்தான் வாங்குபவர்களுக்குக் கட்டுபடியாகும். அத்தனை பழுதாகும் என்றால் எந்த நிறுவனமும் அந்த விலைக்கு விற்காது. தவணையோடு சேர்த்துக் கட்டினால் அந்த 12,000 ரூபாவுக்கும் வட்டி ஏறும். போதாக்குறைக்கு, பல குளிர்சாதனப் பெட்டிகளின் கொம்பிறெஸருக்கு உற்பத்தியாளரே நீண்டகால உத்தரவாதம் தருகிறார். வாயு நிரப்பும் செலவும் கூலியும் அதில் அடங்குமா என்பதைத்தான் கேட்டறிய வேண்டும்.

நமது கரையோரத்தில் சாதனங்களைக் கெடுப்பவை எவை? உப்புக்காற்றில் பிடிக்கும் துரு, மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம், மாரி வெள்ளம். இவற்றால் வரும் சேதம் பெரும்பாலான உத்தரவாதப் பத்திரங்களில் விலக்கப்பட்டிருக்கும். அதாவது இங்கு அதிகம் நடப்பதற்குப் பாதுகாப்பில்லை, குறைவாக நடப்பதற்குக் காசு கட்டுகிறோம். அந்தக் காசின் ஒரு பகுதியில் தரமான மின்னழுத்தச் சீராக்கி ஒன்றை வாங்குவது பல வீடுகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு.

2022 இன்னொரு பாடத்தையும் தந்தது. மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அதற்கு முன்பே, 2021 செப்டெம்பரில், கைபேசிகள், வீட்டு மின்சாதனங்கள் உள்ளிட்ட பல பொருட்களின் இறக்குமதிக்கு முழுப் பெறுமதியையும் வங்கியில் முன்கூட்டியே வைப்பிட வேண்டுமென மத்திய வங்கி விதித்திருந்தது. உதிரிப்பாகம் நாட்டுக்குள் வராவிட்டால் உத்தரவாதப் பத்திரத்தால் பெட்டி குளிராது. பழைய விலையைத் திருப்பித் தந்தாலும் அதற்குப் புதுப் பெட்டி கிடைக்காது.

சட்டம் எவ்வளவு கைகொடுக்கும்? 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் பொருளின் தரம் பற்றிய சில உள்ளார்ந்த நிபந்தனைகளை ஏற்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றி அதிகாரசபையிடம் முறையிடலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்கிறது அச்சட்டம். நீடித்த உத்தரவாதத்தின் தகராறுகளோ இரண்டாம், மூன்றாம் வருடத்தில்தான் தொடங்கும். எனவே கடை மறுத்தால் அன்றே அந்த மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1977 என்ற இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். இணக்க சபையையும் நாடலாம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதுவது உங்கள் உரிமை.

பிரித்தானியாவில் 2003 இல் போட்டி ஆணைக்குழு இந்தச் சந்தையை விசாரித்து, அது நுகர்வோருக்குப் பாதகமாக இயங்குவதாகக் கண்டது. 2005 முதல் அங்கு இத்தகைய உத்தரவாதத்தை 45 நாட்களுக்குள் ரத்துச் செய்து முழுப் பணத்தையும் பெறலாம். கல்முனைக் கடையிலும் இதைக் கேட்கலாம்: “வேண்டாமென்றால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தருவீர்கள்?” பதில் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

மார்க்க ரீதியான கேள்வியும் உண்டு. விலைக்குள் அடங்கிய உத்தரவாதத்தைப் பொதுவாக அனுமதிக்கும் உலமாக்களில் பலர், தனிக்கட்டணத்துக்கு விற்பதைக் காப்புறுதி போன்றதாக, நிச்சயமின்மை கலந்த கொடுக்கல் வாங்கலாகப் பார்க்கின்றனர். மாற்றுக் கருத்தும் இருப்பதால், நம்பும் ஆலிமிடம் பத்திரத்தோடு போய்க் கேட்பது நல்லது.

மத்திய கிழக்கிலிருந்து உறவுகள் கொண்டுவரும் சாதனங்களுக்கு அந்த நாட்டு உத்தரவாதம் இங்கு செல்லுமா என்பதை அங்கேயே உறுதிப்படுத்த வேண்டும்.

பெரும்பாலான வீடுகளுக்கு மேலதிக உத்தரவாதம் தேவையில்லை. அந்தத் தொகையை மாதாமாதம் சீட்டிலோ உண்டியலிலோ ஒதுக்கினால் பழுது வராவிட்டாலும் காசு கையில் இருக்கும். ஒரே சாதனத்தில் பிழைப்பு தங்கியிருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம். அதுவும் மின்னழுத்தச் சேதம் அடங்கினால், திருத்தும் நிலையம் அருகில் இருந்தால், திருத்தும் வரை மாற்றுப் பெட்டி தருவதாக எழுதித் தந்தால். எதுவானாலும் பற்றுச்சீட்டைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். கடைகள் தரும் வெப்பத்தாள் துண்டின் எழுத்து, உத்தரவாதம் முடிவதற்கு முன்பே மங்கிவிடும்.