ஏர் ஃபில்டரை வாரா வாரம் கழுவுறீங்களா? கொஞ்சம் நிறுத்துங்க!

எங்கள் பெரியப்பா பையன் ஒரு கார் பைத்தியம். கோவையில் ஐ.டி வேலை. மூன்று வருடம் பணம் சேர்த்து ஒரு செகண்ட் ஹேண்ட் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை, கம்பெனி கொடுத்த பேப்பர் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் காட்டன் ஃபில்டரை மாட்டியதுதான்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபில்டரைக் கழற்றுவார், கழுவுவார், சொட்டச் சொட்ட எண்ணெய் ஸ்பிரே அடித்து மாட்டுவார். "தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னா ஓடுவான். அந்த டப்பாவுக்கு மட்டும் வாரா வாரம் எண்ணெய்க் குளியலா?" என்று பாட்டி கேட்காத வாரமே கிடையாது.

கடந்த பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினோம். தாராபுரம் ரோட்டில் ஒரு பஸ்ஸை ஓவர்டேக் செய்ய அண்ணன் வலதுபக்கம் ஏறினார். எதிரே தூரத்தில் ஒரு லாரி. தாண்டிவிடலாம் என்ற கணக்குதான். ஆனால், ஆக்சிலரேட்டரை அழுத்தியும் கார் இழுக்கவே இல்லை. விக்கியது. டேஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் எரிந்தது. சட்டென்று பிரேக் பிடித்து மறுபடியும் பஸ்ஸுக்குப் பின்னால் வந்துவிட்டார். பின்சீட்டில் பெரியம்மாவின் கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. ஊர் போய்ச் சேரும்வரை யாரும் பேசவில்லை.

மறுநாள் மெக்கானிக் ஃபில்டர் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இதை யாரு இப்படி எண்ணெய்ல முக்கி வெச்சது?"

என்ன நடந்தது?

இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளக்க, அண்ணன் காரில் ஏர் ஃப்ளோ சென்சார் என்ற குட்டி சமாசாரம் இருக்கிறது. உள்ளே தலைமுடி மாதிரி சூடான மெல்லிய கம்பி. ஃபில்டரில் மிஞ்சிய எண்ணெய் காற்றோடு போய் அதன்மேல் படிந்துவிட்டது. சென்சார் தப்புக் கணக்குச் சொல்ல, இன்ஜின் கம்ப்யூட்டரும் பெட்ரோலைத் தப்பாக ஊற்றியிருக்கிறது. கிளீனர் அடித்துப் பார்த்தும் சரியாகவில்லை. கடைசியில் சென்சாரையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. எல்லா கார்களிலும் இந்த சென்சார் இருக்காது. உங்கள் காரில் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு காற்றா?

1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது, 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! அத்தனையும் அந்த ஒற்றை ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. டர்போ காரில் ஃபில்டரைத் தாண்டியதும் காற்று முதலில் சந்திப்பது, நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுற்றும் டர்போவின் இறக்கைகளை. அந்த வேகத்தில் மணல் துகள் பட்டால், உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். தப்பித்து உள்ளே போகும் தூசு பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும்.

அப்படியானால் அடிக்கடி சுத்தம் செய்வது நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. ஃபில்டரில் லேசாகத் தூசு படிந்திருக்கும்போது, அந்தத் தூசு அடுக்கே அடுத்து வரும் நுண்ணிய தூசைப் பிடித்துக்கொள்ளும். புத்தம் புது ஃபில்டரைவிடக் கொஞ்சம் ஓடிய ஃபில்டர் தூசை நன்றாகவே பிடிக்கும். அதைத் தட்டித் தட்டி, ஏர் அடித்து 'சுத்தம்' செய்தால், பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள்தான் மிச்சம். தவிர, ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பாக்ஸில் கிடக்கும் தூசு உள்ளே விழலாம். மாட்டும்போது ரப்பர் ஓரம் சரியாக உட்காராமல் போகலாம். அந்தச் சின்ன இடைவெளி போதும், வடிகட்டாத காற்று நேராக இன்ஜினுக்குள் போய்விடும்.

பேப்பர் ஃபில்டர்: எப்போது மாற்றுவது?

பெரும்பாலான கார்களுக்கு 20,000 முதல் 40,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள். உங்கள் காருக்கான சரியான எண் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். ஆனால், பலரும் படிக்காமல் விடும் பகுதி ஒன்று அதே மேனுவலில் உண்டு. தூசு அதிகமுள்ள 'கடுமையான பயன்பாடு' என்றால் அதற்குத் தனி அட்டவணை. மெட்ரோ பணி நடக்கும் சென்னை சாலையில் தினமும் ஊர்ந்து போகிறவர், ஜல்லி, எம்-சாண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஓட்டுகிறவர், மண் ரோட்டில் தோட்டத்துக்குப் போய் வருகிறவர் எல்லாருக்கும் பொருந்துவது இந்த இரண்டாவது அட்டவணைதான். இவர்கள் மேனுவலில் போட்டிருக்கும் தூரத்தில் பாதியிலேயே மாற்றத் தயாராக இருப்பது நல்லது.

ஒவ்வொரு சர்வீஸிலும், அதாவது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஃபில்டரை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் மொபைல் டார்ச் அடியுங்கள். மடிப்புகள் வழியாக வெளிச்சம் தெரிந்தால் இன்னும் ஓடும். பெரும்பகுதியில் தெரியவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். கிழிசல், எண்ணெய்க் கறை, ஈரம், எலி கடித்த தடம் இதில் எது இருந்தாலும் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவே கூடாது.

காட்டன் ஃபில்டர்: எப்போது கழுவுவது?

வாரா வாரம் அல்ல, மாதா மாதமும் அல்ல! சாதாரண சாலைகளில் 80,000 கிலோமீட்டர் வரைகூடக் கழுவ வேண்டாம் என்று சொல்லும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்த் தூசுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம். சர்வீஸுக்குச் சர்வீஸ் பாருங்கள். அழுக்கை மீறி ஃபில்டரின் கம்பி வலை கண்ணுக்குத் தெரிகிறதா? அப்படியே விட்டுவிடுங்கள். வலையே தெரியாத அளவுக்கு அழுக்கு மூடியிருந்தால் கழுவுங்கள்.

கழுவும் முறை இதுதான்:

• அதற்கென விற்கும் கிளீனரை அடித்து சுமார் 10 நிமிடம் ஊறவிடுங்கள். பெட்ரோல், டீசல் வேண்டாம்.

• சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி, மெதுவாக வரும் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். பிரஷர் வாஷர் பக்கமே போகாதீர்கள்.

• நிழலில் தானாகக் காயட்டும். ஏர் கம்ப்ரெஸரும் ஹேர் டிரையரும் வேண்டாம்.

• முழுக்கக் காய்ந்ததும் ஃபில்டர் எண்ணெயை மடிப்புக்கு மடிப்பு மெல்லியதாக விடுங்கள். 20 நிமிடம் கழித்து வெளுத்த இடம் இருந்தால் அங்கு மட்டும் கொஞ்சம். சொட்டினால் அதிகம் என்று அர்த்தம்.

• எண்ணெயே இல்லாமல் மாட்டுவதும் தப்பு. எண்ணெய்தான் தூசைப் பிடிக்கிறது.

மைலேஜ் குறையுமா?

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் உள்ள நவீன பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்தாலும் மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை. ஆனால், அடைத்த ஃபில்டரை மாற்றியதும் வேகம் எடுக்கும் நேரம் சுமார் 6 முதல் 11 சதவிகிதம் மேம்பட்டது. மைலேஜ் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஃபில்டரைப் பார்க்காமலேயே இருந்துவிடாதீர்கள். குறைவது பிக்-அப். ஓவர்டேக் செய்யும்போது நமக்கு வேண்டியதும் அதுதான்.

டிராக்குக்குப் போகிறவர்களுக்கு...

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை என்று டிராக் டே போகிறவர்கள், போய் வந்ததும் ஒருமுறை பாக்ஸைத் திறந்து பாருங்கள். முன்னால் போகும் கார் மண்ணில் இறங்கினால், அந்தப் புழுதி அத்தனையும் உங்கள் ஃபில்டருக்குத்தான். இன்டேக் குழாயைக் கீழே இறக்கிக் குளிர்ந்த காற்று எடுக்கும் கிட் மாட்டியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் காரை இறக்காதீர்கள். தண்ணீர் உறிஞ்சப்பட்டு இன்ஜினுக்குள் போனால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

பெரும்பாலான கார்களுக்குப் பேப்பர் ஃபில்டர் சில நூறு ரூபாய்தான். டர்போ போனால் பல ஆயிரம். அண்ணன் மறுபடியும் பேப்பர் ஃபில்டருக்கே மாறிவிட்டார். மாட்டிய தேதியையும் கிலோமீட்டரையும் பாக்ஸ் மூடியில் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த சர்வீஸ் வரை திறக்கக் கூடாது என்பது பெரியம்மா போட்ட உத்தரவு.

உங்கள் கார் ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? உடனே சொல்ல முடியவில்லை என்றால், இந்த வாரம் சர்வீஸ் பில்லைத் தேடி எடுத்துப் பாருங்கள்.