வோல்ட் எண்ணில் மயங்கலாமா?

பெங்களூரில் எங்கள் குடியிருப்புச் சங்கம் பேட்டரியில் இயங்கும் இலை ஊதும் கருவி ஒன்றை வாங்க முனைந்தது. ஒரு பெட்டியில் 20 வோல்ட், மற்றதில் 18. பலரும் இருபதையே விரும்பினர். பெரும்பாலும் இரண்டிலும் இருப்பவை அதே ஐந்து லித்தியம் செல்கள். முழுதும் மின்னேற்றிய நிலையில் ஏறத்தாழ 20, இயங்கும்போது 18. முகமதிப்பைப் பார்த்துப் பங்கு வாங்குவது போன்றதே இது.

நோக்கவேண்டியது ஆம்பியர்-மணியை. 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 72 வாட்-மணி; 300 வாட் இழுக்கும் கருவி கால் மணி நேரத்திற்குள் ஓய்ந்துவிடும். எங்கள் தூங்குமூஞ்சி மரங்கள் உதிர்ப்பதைத் தள்ள முக்கால் மணி நேரமாவது வேண்டும். 'கருவி மட்டும்' என்னும் மலிவு விலையில் பேட்டரியும் சார்ஜரும் அடங்கா. அவற்றையும் கூட்டியே ஒப்பிடவேண்டும்.

நாள்தோறும் குனிந்து பெருக்கும் அம்மையாருக்காகத்தானே வாங்குகிறோம்? பணம் கட்டுமுன், பேட்டரி மாட்டிய கருவியை அவரே தூக்கிப் பார்க்கட்டும் எனச் செயலாளருக்கு எழுதியுள்ளேன்.