அருள் கடைச்சரக்கா?

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

நம் தஞ்சைத் தரணியில் தண்ணீருக்குப் பஞ்சம் வந்ததுண்டு. கோயிலுக்குப் பஞ்சம் வந்ததில்லை. பழைய தஞ்சை மாவட்டத்துக்குள்ளேயே வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா திருத்தலமும், நாகூர் தர்காவும், சீர்காழிக்கு அருகே வைத்தீசுவரன் கோயிலும் இருக்கின்றன. நோய் தீர வேண்டும் என்று ஒரே குடும்பம் இம்மூன்று வாசலையும் மிதிப்பதுண்டு. கண், கை, கால் உருவம் பதித்த தகடுகளை மூன்று இடத்திலும் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள்.

பொதுத்தேர்வு நெருங்கினால் மாணவியரின் பேனாப் பெட்டியிலும் இதே காட்சிதான். திருநீற்றுப் பொட்டலம், மாதா படம், நாகூர்க் கயிறு ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்கும். இது சரியா?

"ஒரு சாமியை உறுதியாக நம்பாதவளுக்கு எந்தச் சாமியும் இரங்காது" என்பார் சிலர். "எதற்கும் இருக்கட்டுமே" என்பார் வேறு சிலர். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

பிறர் வணங்கும் இடத்தை மதிப்பதால் நம் பக்தி குறைந்துவிடாது. நாகூரில் 131 அடி உயர மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். கிறிஸ்தவப் போதகர் சுவார்ட்ஸ் ஐயருக்குத் தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் சலவைக்கல் நினைவுச் சிற்பம் அமைத்தவர் சரபோஜி மன்னர். இருவரும் தம் மதத்தை விடவில்லை. நம் திருச்சபையும் 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், பிற மதங்களிலுள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் தள்ளுவதில்லை என்று அறிவித்தது.

நான் கத்தோலிக்கப் பெண். தோழி திருநீறு நீட்டினால் நான் பூசிக்கொள்வதில்லை. ஆனால் எனக்காக வேண்டிக்கொண்ட அந்தக் கையை அன்போடு பற்றிக்கொள்வேன். அவளும் என்னைத் தவறாக நினைப்பதில்லை.

"எதற்கும் இருக்கட்டுமே" என்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. அது பக்தியன்று, வியாபாரம். "பாஸானால் மொட்டை, முதல் மார்க் வாங்கினால் வெள்ளித் தகடு" என்று பேரம் பேசுகிறோம். காரியம் முடிந்ததும் மறந்துவிடுகிறோம். மூன்று இடத்தில் வேண்டியவளுக்கு நன்றிக்கடனும் மூன்று மடங்கு அல்லவா?

கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிகிறது. எந்த ஆற்றில் வந்தாலும் நீர் நீர்தான். ஆனால் மேல்மடைக்காரர் தம் வயலோடு அதை அடைத்துக்கொண்டால் கடைமடையில் பயிர் கருகும். அருளும் அப்படித்தான். பெற்றவர் அடுத்தவருக்குத் திறந்துவிட வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகைக் கடற்கரையைச் சூறையாடியபோது, நாகூர் தர்கா நிலத்தில் இறந்தவர்களை மதம் பாராமல் அடக்கம் செய்தார்கள். அருள் பெற்ற இடம் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா?

தேர்வு எழுதப் போகும் தோழியரே! உங்கள் மனம் நாடும் வாசலில் வேண்டிக்கொள்ளுங்கள், படிப்பையும் விடாதீர்கள். உங்களுக்குக் கணக்கு நன்றாக வந்தால், வராத ஒருத்திக்கு நாளை மாலை சொல்லிக்கொடுங்கள். தேர்வு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். எந்தச் சன்னிதியும் ஏற்றுக்கொள்ளும் நேர்த்திக்கடன் அதுதான்.